முகவரிக் கட்டத்தில் எதை எழுதுவது?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மகன் பயன்படுத்திய பழைய கம்ப்யூட்டரை வீணாக்க வேண்டாம் என்று அதை வீட்டு சர்வராக மாற்றிக் கொண்டார். மகளின் திருமணப் போட்டோக்கள், பேரனின் வீடியோக்கள் எல்லாம் அதில் இருந்தன. சர்வர் மேனேஜ்மென்ட் சாப்ட்வேரை நிறுவிக் கொடுத்தது நான்தான். இதில் ஒரு வசதி உண்டு. சர்வருக்குத் தனியாக மானிட்டரோ, கீ போர்டோ தேவையில்லை. வேறொரு கம்ப்யூட்டரின் பிரவுசரில் சர்வரின் முகவரியை டைப் செய்தால் போதும். எல்லா வேலைகளையும் அங்கிருந்தே முடித்துவிடலாம்.

ஒரு நாள் போன் செய்தார். "தம்பி, இந்த முகவரி அடிக்கடி மாறிவிடுகிறதே, ஒரே முகவரியாக வைக்க முடியாதா?" என்றார். "முடியும் சார். நெட்வொர்க் பகுதியில் மேனுவல் என்பதைத் தேர்ந்தெடுத்து ஐ.பி. முகவரியைக் கொடுத்து சேவ் செய்யுங்கள்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? "என் ஐ.பி. முகவரி என்ன?" என்று இன்டர்நெட்டில் தேடினார். அங்கே கிடைத்த எண்ணை அப்படியே கட்டத்தில் டைப் செய்து சேவ் பட்டனை அழுத்தினார். அவ்வளவுதான், தொடர்பு அறுந்தது. பழைய முகவரியும் வேலை செய்யவில்லை, புதிய முகவரியும் வேலை செய்யவில்லை. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக் கொண்டு போனார். கடையில் ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்து, சிஸ்டத்தைப் புதிதாக நிறுவிக் கொடுத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சில போட்டோக்கள் உறவினர்களின் போன்களிலிருந்து திரும்பக் கிடைத்தன. மற்றவை போனது போனதுதான்.

தவறு யாருடையது? அரைகுறையாகச் சொன்ன என்னுடையது. கேட்காமல் பார்மட் செய்த கடைக்காரருடையது. ஆனால் முதல் தவறு அந்தக் கட்டத்தினுடையது என்பேன். "ஐ.பி. முகவரி" என்று மட்டும் எழுதி, காலியாக ஒரு கட்டம். எந்த முகவரி என்று அது சொல்லவே இல்லை.

இந்த ஒரு சொல்லுக்கு, சர்வர் சாப்ட்வேர்களில் மூன்று பொருள் உண்டு. அடுக்கு மாடிக் குடியிருப்பை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, வீட்டிற்குள் மட்டும் செல்லும் முகவரி. இது பிளாட் எண் போன்றது. 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை இந்த வகை. உள் நெட்வொர்க்குகளுக்கென்றே இவை ஒதுக்கப்பட்டவை. இன்று நாம் பின்பற்றும் ஒதுக்கீட்டு விதி 1996ல் வெளியானது. நம் ஆசிரியர் கொடுத்திருக்க வேண்டியது இந்த வகை முகவரிதான்.

இரண்டாவது, உலகம் நம்மைப் பார்க்கும் பொது முகவரி. இது குடியிருப்பின் தெரு முகவரி. பெரும்பாலான வீடுகளில் இது ரூட்டருக்குத்தான் உரியது, கம்ப்யூட்டருக்கு அல்ல. இன்டர்நெட் நிறுவனங்கள் பல, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருவதும் உண்டு. உங்கள் ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் உங்கள் வீடும் அப்படித்தான் என்று கொள்ளலாம்.

மூன்றாவது, சர்வரில் உள்ள ஒரு புரோகிராம் எந்த வாசலில் நின்று அழைப்பைக் கேட்க வேண்டும் என்பது. இங்கே 127.0.0.1 என்று கொடுத்தால் அதே கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வரும் அழைப்புகள் மட்டுமே கேட்கும். 0.0.0.0 என்று கொடுத்தால் எல்லா வாசலிலும் கேட்கும். புதியவர் ஒருவர் இதை எப்படி ஊகிப்பார்?

அடுத்த கட்டத்தைப் பாருங்கள். ஒரு சாப்ட்வேர் சப்நெட் மாஸ்க் கேட்கும், 255.255.255.0 என்று கொடுக்க வேண்டும். இன்னொன்று பிரிபிக்ஸ் லெங்த் கேட்கும், வெறும் 24 என்று கொடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான்! விண்டோஸ் 10ன் செட்டிங்ஸ் பகுதியில் பிரிபிக்ஸ் லெங்த் என்று கேட்டார்கள். பழக்கத்தில் 255.255.255.0 என்று கொடுத்தவர்களுக்கு, செட்டிங்ஸை சேவ் செய்ய முடியவில்லை, சரி பாருங்கள் என்ற மெசேஜ்தான் வந்தது. எந்தக் கட்டத்தில் தவறு என்பது அதில் இல்லை. விண்டோஸ் 11ல் மீண்டும் சப்நெட் மாஸ்க் என்றே கேட்கிறார்கள். பெயரை மாற்றுவது முடியாத காரியம் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

"சர்வர் வைத்துக் கொள்கிறவர் நெட்வொர்க் படித்திருக்க வேண்டும்" என்று நிபுணர்கள் சொல்வார்கள். சர்வர்கள் கம்பெனிகளின் குளிரூட்டப்பட்ட அறைகளில் மட்டும் இருந்த காலத்தில் அது சரி. இன்று அது டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே வந்துவிட்டது. தவிர, நிபுணர்களும் ஒரு எண்ணைத் தவறாகத் தட்டத்தான் செய்கிறார்கள்.

சாப்ட்வேர் எழுதுபவர்களிடம் நான் கேட்பது நான்கே விஷயங்கள். ஒன்று, "வீட்டிற்குள் இந்த சர்வரின் முகவரி" என்று தெளிவாக எழுதுங்கள். இரண்டு, கட்டத்தைக் காலியாக விடாமல் இப்போது வேலை செய்து கொண்டிருக்கும் எண்களை அதில் காட்டுங்கள். மூன்று, சேவ் செய்யுமுன் சோதியுங்கள். ரூட்டரும் சர்வரும் ஒரே நெட்வொர்க்கில் வராவிட்டாலும், அந்த முகவரியை வீட்டில் வேறு சாதனம் வைத்திருந்தாலும் அங்கேயே எச்சரியுங்கள்.

நான்காவதுதான் மிக முக்கியம். மாற்றிய பின் தொடர்பு அறுந்தால் பழைய முகவரிக்குத் தானாகத் திரும்புங்கள். விண்டோஸில் திரையின் ரெசல்யூஷனை மாற்றினால், இதை வைத்துக் கொள்ளவா என்று கேட்டு, 15 விநாடிகளில் பதில் இல்லையெனில் பழையபடி ஆகிவிடுகிறதே, அதே முறைதான். உபுண்டு லினக்ஸில் நெட்பிளான் டிரை என்ற கட்டளை 120 விநாடிகள் காத்திருந்து இதைச் செய்கிறது. காக்பிட் என்னும் சர்வர் மேனேஜ்மென்ட் சாப்ட்வேரும் தொடர்பைத் துண்டிக்கும் மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறது. வழி இருக்கிறது, எல்லாரும் பின்பற்ற வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியவை: எதையும் மாற்றுமுன் இருக்கும் எண்களைப் பேப்பரில் எழுதிக் கொள்ளுங்கள். நிரந்தர முகவரி வேண்டுமானால் சர்வரில் கை வைக்காமல், ரூட்டரின் டி.எச்.சி.பி. ரிசர்வேஷன் பகுதியில் அந்த சர்வருக்கென ஒரு முகவரியை ஒதுக்குங்கள். தொடர்பு அறுந்தால் பதற வேண்டாம். முகவரி தவறானால் பைல்கள் அழிவதில்லை. ஒரு மானிட்டரையும் கீ போர்டையும் இணைத்துச் சரி செய்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, போட்டோக்களுக்கு இன்னொரு டிஸ்க்கில் நகல் வையுங்கள்.

ஆசிரியரின் சர்வர் மீண்டும் ஓடுகிறது. அதன் மேல் முகவரி எழுதிய சீட்டு ஒன்றை ஒட்டியிருக்கிறார். அதற்குக் கீழே சிவப்பு மையில், "கடைக்குக் கொண்டு போகும் முன் தம்பியைக் கேட்கவும்" என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை அவர் எழுத வேண்டியிருந்திருக்கக் கூடாது.