உக்கிராணமும் கணக்கும்

இக்காலத்தில் இல்லந்தோறும் புகைப்படங்களும், குரற்பதிவுகளும், பாடக்குறிப்புகளும், பத்திரங்களின் பிரதிகளும் நாளுக்குநாள் பெருகி வருகின்றன. அவற்றை ஓரிடத்தே தொகுத்துக் காக்கும்பொருட்டுச் சிலர் தம் வீட்டிலேயே ஒரு ஸர்வரை அமைத்துக்கொள்கின்றனர். அதனை வீட்டின் உக்கிராணம் என்னலாம். அதில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சமுளது என்று வினவின், ஒன்றுக்கொன்று ஒவ்வாத பல எண்கள் விடையாக வருகின்றன. வாங்கியவர் தாம் வஞ்சிக்கப்பட்டதாகக் கருதி மனம் புழுங்குகின்றார். இயந்திரம் பொய் கூறவில்லை என்பதும், அது கூறும் கணக்கை நாம் படிக்கக் கற்றிலோம் என்பதும் நமது கருத்து.

முதற்கண் அளவையை நோக்குவோம். 4 டெராபைட் என்று விற்கப்படும் டிஸ்கில் 4 இலட்சங்கோடி பைட்டுகள் உள. டிஸ்கு செய்வோர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்கிடுகின்றனர். விண்டோஸோ 1024 ஆல் அடுத்தடுத்து வகுத்து, அதே டிஸ்கை ஏறக்குறைய 3.64 டெராபைட் என்று காட்டுகின்றது. ஒரு பைட்டும் களவு போகவில்லை, படிதான் வேறு. நம் நாட்டில் ஊருக்கொரு படி வழங்கிய குழப்பத்தை நீக்க 1956-ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. பைட்டின் அளவைக்கும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-ஆம் ஆண்டில் 'டெபிபைட்' முதலிய தனிப்பெயர்களை வகுத்தது. ஈரளவைக்கும் ஒரே பெயரை இன்னும் வழங்குவது மென்பொருள் செய்வோரின் குற்றமே என்போம்.

நிற்க. இரண்டாவது, பாதுகாப்பிற்கு நாம் கொடுக்கும் விலை. 4 டெராபைட் டிஸ்குகள் நான்கை ஒன்றாக இணைத்து, அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாயினும் பண்டம் அழியாவண்ணம் அமைப்போமாயின், ஒரு டிஸ்கின் அளவு பாரிட்டி என்னும் மீட்புக் கணக்கிற்கே சென்றுவிடும். 16 வாங்கினோம், 12 ஆளுகின்றோம். இஸட்.எப்.எஸ். என்னும் கோப்பு முறையிலே ஒரு கட்டளை பாரிட்டியையும் சேர்த்து இடத்தைக் கூறும். மற்றொன்று அதனை நீக்கிக் கூறும். இரண்டும் மெய்யே.

மூன்றாவதே பலரையும் திகைக்க வைப்பது. பெரிய கோப்பொன்றை அழிக்கின்றோம். மிச்ச இடமோ கூடவில்லை. முன்னரே எடுத்துவைத்த 'ஸ்னாப்ஷாட்' அக்கோப்பின் பகுதிகளைப் பற்றிக்கொண்டிருப்பதே காரணம். அதனை நீக்குமளவும் இடம் விடுபடாது. கைதவறி அழித்த கோப்பை மறுநாள் மீட்டுத் தருவதும் அதுவேயன்றோ?

"இத்தனை எண்கள் எதற்கு? ஒன்றே காட்டினால் ஆகாதா?" என்று சிலர் கேட்பர். ஆகாது என்போம். அழித்தும் அழியாது நிற்கும் கோப்பை உளதென்று எழுதுவதா, இலதென்று எழுதுவதா? இரண்டையும் தனித்தனியே எழுதுவதே நேர்மையான கணக்கு. ஒற்றை எண்ணை விரும்புவோர், இடம் குறைகிறதே என்று பொறுமையிழந்து, பாரிட்டியைக் கைவிட்டு, ஸ்னாப்ஷாட்டுகளையும் துடைத்துவிடுகின்றனர். பின்னொருநாள் டிஸ்கு பழுதாகும்போது, அவ்வாறு மிச்சம்பிடித்த இடம் மறைந்துபோன பாட்டியாரின் குரலை மீட்டுத் தராது. பாரிட்டியும் ஸ்னாப்ஷாட்டும் இருப்பினும், தீயோ திருட்டோ நேரின் ஸர்வர் முழுதும் ஒருங்கே போய்விடுமாதலின், வேறோரிடத்தில் ஒரு பிரதி வைப்பதும் இன்றியமையாதது.

ஆதலின், மாணவ நண்பர்காள், மிச்ச இடம் இவ்வளவு என்று கண்டவுடன் மூன்று வினாக்களை எழுப்புங்கள். எந்தப் படியால் அளந்தது? பாதுகாப்பிற்கு ஒதுக்கியதைச் சேர்த்ததா, நீக்கியதா? அழித்த கோப்புகளுள் எவ்வளவு இன்னும் இடத்தைப் பற்றி நிற்கின்றது? இவற்றிற்கு விடை கண்ட பின்னரே எதனையும் அழிக்கத் துணிக. பண்டத்தின் அளவை அறியாத உக்கிராணக்காரனிடத்தில் உக்கிராணத்தை ஒப்புவிப்பார் எவருமிலர். நம் வீட்டு உக்கிராணத்திற்கு நாமே உக்கிராணக்காரர்.