ஒரே வீடு, இரண்டு பூனை, இரண்டு கிண்ணம்!

“அண்ணாச்சி, பூனைக்கு ஒண்ணுக்கு வர மாட்டேங்குது. எந்தப் பாக்கெட் குடுக்கலாம்?”

“‘யூரினரி’ன்னு போட்டிருக்கு பாருங்க தம்பி. இதைக் கொண்டுபோங்க.”

கோவில்பட்டி வட்டாரத்தில் தயிர்சாதம் தின்று வளர்ந்த பூனைகளின் பேரப்பிள்ளைகள் இப்போது பாக்கெட் தீவனம் சாப்பிடுகின்றன. அதனால் இப்படியொரு பேச்சு எந்தக் கடையிலும் நடக்கக்கூடியதுதான். கேட்டவர் மேலும் குற்றமில்லை, எடுத்துக் கொடுத்தவர் மேலும் குற்றமில்லை. ஆனால், சிறுநீர் உண்மையிலேயே அடைத்திருந்தால், அந்தப் பாக்கெட் தீர்வதற்குள் பூனை செத்துப்போகும்.

கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. சளி போன்ற பொருளும் பொடிப் படிகங்களும் சேர்ந்து கார்க் மாதிரி அதை அடைத்துவிடும். பூனை மணல் தட்டுக்குப் போகும், குந்தும், முக்கும், கத்தும். இரண்டு சொட்டு வரும், அல்லது அதுவும் வராது. வீட்டில் இருப்பவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டுவதும் உண்டு. வெளியேற வேண்டிய பொட்டாசியம் இதற்குள் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்தும் அளவுக்குப் போகும். இதற்கெல்லாம் ஒன்றிரண்டு நாள் போதும். டியூப் போட்டு அடைப்பை எடுக்க வேண்டும். கோவில்பட்டியிலேயே முடியாவிட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தீவனத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

அந்தப் பேச்சுதான் இந்த வாரம்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அடைப்பு எடுத்துவிட்டு வந்த நான்கு வயதுக் கடுவன் ஒன்று. அதைப் பெற்ற பன்னிரண்டு வயதுக் கிழவி ஒன்று. கிழவி கொஞ்ச நாளாகத் தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறாள், இளைக்கிறாள். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகக் கோளாறு என்று வந்திருக்கிறது. வயதான பூனைகளுக்கு இது சாதாரணமாக வரும் நோய். இருவருக்கும் கோளாறு சிறுநீர் சம்பந்தப்பட்டது, அதனால் ஒரே பை வாங்கினால் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அங்கேதான் தப்பு நடக்கிறது.

முதலில் தண்ணீர்

வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. தாகம் என்று ஓடிப்போய்த் தண்ணீர் குடிக்கும் சுபாவம் அதற்கு இல்லை. இரையிலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொண்டது. எலியின் உடம்பில் ஏறக்குறைய எழுபது சதவிகிதம் தண்ணீர். கம்பும் சோளமும் நிறைந்த குலுக்கைக்குப் பக்கத்தில் எலி பிடித்துத் தின்ற கரிசல்காட்டுப் பூனைக்கும், அந்த எலிதான் சாப்பாடு, அதுதான் தண்ணீர்ப் பந்தலும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நான்கு கிலோ பூனைக்கு, சாப்பாட்டில் உள்ளதையும் சேர்த்து, ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். நாளொன்றுக்கு 60 கிராம் உலர் தீவனம் சாப்பிட்டால் அதிலிருந்து கிடைப்பது 6 மில்லிதான். மீதியை அது கிண்ணத்தில் குடித்தாக வேண்டும். பெரும்பாலான பூனைகள் அவ்வளவு குடிப்பதில்லை. அதே பசிக்கு 80 கிராம் ஈரத் தீவன பவுச் மூன்று கொடுத்தால் 180 மில்லிக்கு மேல் தண்ணீர் உள்ளே போய்விடும்.

கடுவனுக்கும் சரி, கிழவிக்கும் சரி, இந்த ஒரு விஷயம் மட்டும் பொது. ஈரத் தீவனம் நல்லது. மூன்று வேளையும் பவுச் வாங்கக் கட்டுப்படியாகாது என்பவர்கள் ஒரு வேளையாவது கொடுக்கலாம். உலர் தீவனத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்தும் கொடுக்கலாம். கோழி வேகவைத்த தண்ணீரைச் சேர்த்தால் மணத்துக்கே வந்து நிற்கும். ஆனால், அதில் உப்பும் வெங்காயமும் பூண்டும் இருக்கக் கூடாது. சின்ன வெங்காயம் இல்லாமல் நம் வீட்டில் குழம்பு கிடையாது. அதே வெங்காயம் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையில் தள்ளும். குழம்பில் இருந்து எடுத்துக் கழுவிய மீன் துண்டும் வேண்டாம்.

சித்திரை வெயிலில் ஈரத் தீவனம் சீக்கிரம் கெட்டுவிடும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் சாப்பிடாததை எடுத்துவிட வேண்டும். தண்ணீரை மண் சட்டியில், வீட்டில் இரண்டு மூன்று இடத்தில், மணல் தட்டுக்குத் தள்ளி வைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

எந்தக் கல்லுக்கு எந்தப் பை?

கடுவனின் விஷயத்துக்கு வருவோம். அடைப்புக்குக் காரணம் கல்லாகவோ படிகமாகவோ இருக்கலாம். கல்லே இல்லாமல், பதற்றத்தோடு தொடர்புடைய சிறுநீர்ப்பை அழற்சியாகவும் இருக்கலாம். பல பூனைகளுக்கு இதுதான். கல் என்றாலும் முக்கியமாக இரண்டு வகை. ஸ்ட்ருவைட் என்பது மெக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கல். சிறுநீரைச் சற்று அமிலமாக்கும் சிகிச்சைத் தீவனத்தைச் சில வாரம் கொடுத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். கால்சியம் ஆக்சலேட் எந்தத் தீவனத்துக்கும் கரையாது. அறுவை சிகிச்சைதான்.

இதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1981-ல் தொடங்கிய ஆய்வு மையம், பல ஊர்களிலிருந்து வரும் விலங்குகளின் சிறுநீர்க் கற்களைச் சோதித்துப் பதிவு செய்துவருகிறது. ஆரம்பத்தில் வந்த பூனைக் கற்களில் பெரும்பாலானவை ஸ்ட்ருவைட். தீவன நிறுவனங்கள் மெக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீரை அமிலமாக்கும்படி தீவனத்தை மாற்றின. ஸ்ட்ருவைட் குறைந்தது. ஆனால், அடுத்த இருபது ஆண்டுகளில் ஆக்சலேட் கற்கள் அதை முந்திவிட்டன. எல்லாப் பூனைக்கும் ஒரே மருந்து கொடுத்ததில் ஒரு நோய் போய் இன்னொன்று வந்தது என்று பலர் சந்தேகித்தார்கள்.

அதனால், தீவனம் வாங்கும் முன் சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுக்க வேண்டும். கல் கிடைத்தால் அதைத் தூக்கிப்போடாமல் மருத்துவரிடம் கொடுப்பது நல்லது. இன்னொன்று, கடைப் பையில் ‘யூரினரி கேர்’ என்று போட்டிருப்பதும், மருத்துவர் சீட்டின் பேரில் தரும் சிகிச்சைத் தீவனமும் ஒன்றல்ல. முன்னது தினசரிச் சாப்பாடு. பின்னது கிட்டத்தட்ட மருந்து.

அந்த மருந்தைத்தான் கிழவியின் கிண்ணத்தில் போடக் கூடாது. தளர்ந்த சிறுநீரகம் உடம்பில் சேரும் அமிலத்தை வெளியேற்றவே திணறுகிறது. அதன் மேல் இன்னும் அமிலம் ஏற்றும் தீவனம் அவளுக்கு ஆகாது. அவளுக்கு வேண்டியது பாஸ்பரஸ் குறைந்த ‘ரீனல்’ தீவனம். புரதமும் அளவாக, ஆனால் தரமாக இருக்க வேண்டும். முள்ளோடு கொடுக்கும் நெத்திலிக் கருவாட்டில் இரண்டு பகை இருக்கிறது: முள்ளில் பாஸ்பரஸ், மேலே உப்பு. தூத்துக்குடி பக்கத்தில் இருப்பதால் நம் ஊரில் கருவாட்டுக்குப் பஞ்சமில்லை. பூனை அந்த மணத்துக்குத் தெருவே தாண்டி வரும். என்ன செய்வது, பன்னிரண்டு வருடப் பழக்கமானாலும் நிறுத்தத்தான் வேண்டும்.

கடுவனும் நாள் முழுக்க மீனாகவே சாப்பிடக் கூடாது. சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் அவற்றில் உள்ள நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும்.

“நம்ம வீட்ல சைவம். பருப்பும் பாலும் குடுத்தா போதாதா?” என்று கேட்பவர்களும் உண்டு. போதாது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு தயாரித்துக்கொள்ளாது. இயற்கையில் அது இறைச்சியிலும் மீனிலும்தான் நல்ல அளவில் இருக்கிறது. 1987-ல் கலிபோர்னியாவின் டேவிஸில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதய வீக்கத்தால் சாகக் கிடந்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைவதைக் கண்டுபிடித்தார்கள். டாரின் கொடுத்ததும் இதயம் தேறியது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பூனைகளில் பல பெயர்பெற்ற கம்பெனிகளின் பாக்கெட் தீவனம் சாப்பிட்டவை. அதன்பிறகு கம்பெனிகள் டாரினைக் கூட்டின. அந்த இதய நோயும் வெகுவாகக் குறைந்தது. நிபுணர்கள் தயாரித்த தீவனத்திலேயே அப்படியொரு குறை இருந்தது என்றால், கண்ணளவில் சமைக்கும் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேகவைக்கும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால், அந்தத் தண்ணீரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். எலும்பில்லாத வெறும் கறியில் கால்சியம் இல்லை. ஈரல் கொஞ்சம் நல்லது; தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ அளவுக்கு மீறிப் போகும். சிறுநீரக நோயுள்ள பூனைக்கு வீட்டில்தான் சமைப்பேன் என்றால், அளவோடு எழுதிய குறிப்பை மருத்துவரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

(இனிப்புச் சுவையை அறியும் மரபணு பூனைக்கு வேலை செய்வதில்லை. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலைமிட்டாய் இந்த ஒரு வாடிக்கையாளரிடம் மட்டும் செல்லாது!)

பை மாற்றும்போது அவசரப்பட வேண்டாம். பழைய தீவனத்தில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் மாற்ற வேண்டும். கிழவிக்கு இன்னும் கூடுதல் நாள் பிடிக்கலாம். “பசிச்சா தானா திங்கும்” என்று பட்டினி போடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பது பூனைக்கும் பொருந்தும். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், கொழுப்பு ஈரலில் குவிந்து ஈரலே செயலிழக்கும். ரீனல் தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்காத பூனைக்கு, எதையாவது சாப்பிடவைப்பதுதான் முதல் வேலை. லேசாகச் சூடு செய்து பாருங்கள். வேறு கம்பெனியின் ரீனல் பவுச்சை முயன்று பாருங்கள்.

பையின் பின்பக்கத்தில் பார்க்க வேண்டியது இரண்டு. ‘கம்ப்ளீட்’ என்று இருந்தால் அது முழுச் சாப்பாடு. ‘காம்ப்ளிமென்டரி’ என்று இருந்தால் நொறுக்குத்தீனி. அடுத்து, ஈரத் தீவனத்தில் புரதம் 10 சதவிகிதம், உலர் தீவனத்தில் 32 சதவிகிதம் என்று பார்த்து ஏமாறக் கூடாது. தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 80 சதவிகிதம் தண்ணீருள்ள பவுச்சில் புரதம் 50 சதவிகிதம், உலர் தீவனத்தில் ஏறக்குறைய 35. கிழவிக்குப் பார்க்கும் பாஸ்பரஸுக்கும் இதே கணக்குதான்.

இரண்டு பூனைக்கும் இரண்டு கிண்ணம் என்றால், நடுவில் ஒரு கதவும் வேண்டும். நாள் முழுக்கக் கிண்ணத்தை நிரப்பி வைக்காமல், காலையும் மாலையும் தனித்தனி அறையில் இருபது நிமிடம் வைத்து எடுத்துவிடலாம். தேவைப்பட்டால் மதியம் ஒரு வேளை கூடுதலாக. முதல் நான்கு நாள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தல் கேட்கும். பிறகு பழகிவிடும்.

வாரம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். கிழவிக்கு ஒரு மாதத்தில் கால் கிலோ குறைந்தாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அடுத்த முறை போகும்போது, இரண்டு பையின் பின்பக்கத்தையும் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள்.