இரு செவிக்கு இரு மைக்



1902 நவம்பரில், நம் ஹவுராவுக்கு அக்கரையிலுள்ள கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலை இசைத்தட்டில் பதித்தபோது மைக் கிடையாது. பெரிய கூம்புக் குழலின் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டியிருந்தது. இன்று அவ்வேலையை நம் கூடத்திலேயே செய்யலாம். நம் பாட்டிமார் பாடும் தாலாட்டும் நலுங்குப் பாட்டும் அவர்களோடு மறைந்துவிடலாமா?

ஸ்டீரியோ பதிவுக்கு ஒரே வகையான, ஜோடியாகத் தேர்ந்த இரண்டு கண்டென்ஸர் மைக்குகள் வேண்டும். முன்புற ஒலியையே மிகுதியாக வாங்கும் ‘கார்டியாய்டு’ வகை இல்லத்துக்கு ஏற்றது. பதிவுக் கருவி அவற்றுக்கு 48 வோல்ட் அளிப்பதாக இருத்தல் அவசியம்.

இரண்டின் முனைகளும் 17 சென்டிமீட்டர் விலகி, வெளிப்புறமாக 110 பாகைக் கோணத்தில் நிற்கட்டும். பிரெஞ்சு வானொலியார் கண்ட இம்முறை மனிதச் செவிகளின் இடைவெளியை ஒத்தது. கச்சேரியில் வயலின் ஒருபுறமும் மிருதங்கம் மறுபுறமும் தெளிவாகப் பிரிந்து கேட்கும்.

பதியும்போது மின்விசிறியை நிறுத்துக. தரையில் ஜமக்காளம் விரித்தால் எதிரொலி அடங்கும். தனியே வாங்க இயலாதோர் நான்கு குடும்பத்தாராகச் சேர்ந்து வாங்கலாம். அதுவரை காத்திராமல் கைப்பேசியிலேனும் இன்றே பதிந்து வையுங்கள். மைக் நாளையும் கடையில் கிடைக்கும். பாட்டியின் குரல் கிடைக்குமா?