கடவுளிடம் கோள்மூட்டும் வீடுகள்

எங்கள் அப்பா என்னை ஒருமுறைகூட நேருக்கு நேராகத் திட்டியதில்லை. என்மேல் இருந்த கோபம் மொத்தத்தையும் அவர் கடவுளிடம்தான் சொன்னார். சொல்லும்போது நான் பக்கத்திலேயே முழங்கால் போட்டு இருப்பேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி ஏழரைக்குக் குடும்ப ஜெபம். டிவியை அணைத்துவிட்டுப் பாயை விரிப்போம். ஒரு கீர்த்தனை, வேதத்தில் ஒரு அதிகாரம் ஆளுக்கொரு வசனமாக, பிறகு மனப்பாட வசனம், கடைசியில் அப்பாவின் ஜெபம். என் அரைப்பரீட்சை மார்க் அந்த ஜெபத்தில்தான் வெளியாகும். "ஆண்டவரே, கணக்கில் 42 எடுத்திருக்கிற இந்தப் பிள்ளைக்கு ஞானத்தைத் தாரும்." அக்கா டியூஷன் முடிந்து யாரோடு பேசிக்கொண்டு வந்தாள் என்பதும் அங்கேதான் வெளியாகும். "கெட்ட சிநேகத்துக்கு எங்கள் மகளை விலக்கிக் காத்தருளும்." எல்லோருக்கும் கண் மூடியிருக்கும். குறுக்கே பேச முடியாது. கடைசியில் 'ஆமென்' மட்டும் சொல்லலாம். அதாவது நமக்கு எதிரான தீர்ப்புக்கு நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அண்ணன் வீட்டிலும் இதே கதைதான் என்று பிற்பாடு தெரிந்தது. ஹாஸ்டலில் ஒரு ராத்திரி நாலைந்து பேர் உட்கார்ந்து, அவரவர் அப்பா ஜெபிப்பதை நடித்துக் காட்டி வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். சிரித்து முடித்ததும் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதில் ஒருவன்கூட இன்றைக்குக் கோயிலுக்குப் போவதில்லை. நான் பதினெட்டில் விட்டேன். முப்பதுக்குமேல் பாதி திரும்பி வந்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விசுவாசம் இருக்கும், அடுத்த ஞாயிறு இருக்காது. அப்படிப்பட்டவன் எழுதுவது இது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது சென்னையில், எங்கள் இரண்டு பெட்ரூம் வீட்டில், சனிக்கிழமை தோறும் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் நடக்கிறது. நடத்துகிறவன் நான்தான். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. அப்பா போனபிறகு அம்மா எங்களோடு இருக்கிறாள்.

போன மாதம் நியாயாதிபதிகள் புத்தகத்தில் பதினோராம் அதிகாரம் வந்தது. யெப்தாவின் கதை. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: போருக்குப் போகும் தளபதி ஒரு பொருத்தனை செய்கிறான். ஜெயித்துத் திரும்பினால், என் வீட்டு வாசலில் எனக்கு எதிரே முதலில் வருவதைப் பலியிடுவேன் என்கிறான். ஜெயிக்கிறான். மேளம் அடித்து ஆடிக்கொண்டு முதலில் ஓடி வருவது அவன் ஒரே மகள். அவன் சட்டையைக் கிழித்துக்கொண்டு, நீ என்னை இப்படிக் கலங்கடித்துவிட்டாயே என்று அவளையே குறை சொல்கிறான். அவள் இரண்டு மாதம் தவணை கேட்டு மலைக்குப் போய்த் தோழிகளோடு அழுதுவிட்டுத் திரும்பி வருகிறாள். பொருத்தனை நிறைவேறுகிறது. வருஷா வருஷம் நாலு நாள் இஸ்ரவேல் பெண்கள் அவளை நினைத்துக் கூடினார்கள் என்று அதிகாரம் முடிகிறது.

மகள் கேட்டாள்: "அந்தப் பொண்ணு பேரு என்னப்பா?"

"போடல பாப்பா."

"பேரு தெரியாம எப்படி வருஷா வருஷம் ஞாபகம் வச்சுக்கிட்டாங்க?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "தப்பு பண்ணது அவங்கப்பாதானே? அப்புறம் ஏன் அவளைத் திட்டுறாரு?"

"எனக்குத் தெரியல" என்றேன். அம்மா, "வேதத்தை அப்பிடியெல்லாம் கேக்கக் கூடாது மக்களே" என்றாள். பிறகு கடைசி ஜெபம். அன்றைக்கு அம்மாவின் முறை. "தகப்பனே, இந்தச் சின்ன மகளுக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும், எதிர்த்துப் பேசுகிற சுபாவத்தை மாற்றும்."

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். மகளும் திறந்திருந்தாள். பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். நாற்பத்திரண்டு மார்க் எடுத்த பையனின் பார்வை அது. அன்றைக்கு அவள் ஆமென் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை 'வயிறு வலிக்குது' என்று ரூமை விட்டு வரவில்லை.

என் கட்சி இதுதான்: பிள்ளையைக் குறிவைத்துக் கடவுளிடம் பேசுவது ஜெபமே கிடையாது. அது கோள்மூட்டுவது. பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாததை, பதில் பேச முடியாத இடத்தில் வைத்து, கடவுள் பேரால் சொல்வது. கடவுள் இல்லை என்று நினைப்பவனுக்கு இது கோழைத்தனம். இருக்கிறார் என்று நினைப்பவனுக்கு இதைவிட மோசம்: கடவுளை அடியாளாக வைத்துக்கொள்வது.

உடனே வேதவசனத்தோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். வரட்டும், அந்தப் புத்தகத்தை வைத்தே பேசுவோம். பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும் என்பது எபேசியர் ஆறாம் அதிகாரத்தின் முதல் வசனம். எங்கள் வீட்டில் அதை நான் நூறு தடவை ஒப்பித்திருப்பேன். தகப்பன்மார் பிள்ளைகளுக்குக் கோபமூட்டக் கூடாது என்பது அதே அதிகாரத்தின் நாலாவது வசனம். அதை எந்த அப்பாவாவது மனப்பாடம் செய்து பிள்ளைகள் முன்னால் ஒப்பித்துப் பார்த்திருக்கிறீர்களா? யாத்திராகமம் பன்னிரண்டில் பஸ்கா நியமிக்கப்படும்போதே, இந்த ஆராதனைக்கு அர்த்தம் என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்று வருகிறது. யூத வீடுகளில் இன்றைக்கும் பஸ்கா ராத்திரி விருந்தில் வழக்கமாக வீட்டிலேயே சின்னப் பிள்ளைதான் கேள்வி கேட்கும். அந்த ராத்திரி வாசிக்கும் ஹகதாவில் நாலு விதமான பிள்ளைகள் வருகிறார்கள். புத்திசாலி, துஷ்டன், வெகுளி, கேட்கவே தெரியாதவன். துஷ்டனுக்குக் காரமான பதில்தான் கிடைக்கிறது. ஆனால் பந்தியில் அவனுக்கும் இடம் இருக்கிறது.

1529-இல் மார்ட்டின் லுத்தர் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது, வீட்டுத் தலைவர்கள் தங்கள் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் எழுதினார். அந்தப் புத்தகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் கேள்வி, இதற்கு அர்த்தம் என்ன என்பது. பன்னிரண்டு வயது இயேசுவை மூன்று நாள் தேடித் தாயும் தகப்பனும் ஆலயத்தில் கண்டுபிடித்தபோது, அவர் போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார் என்கிறது லூக்கா. தாய் கடிந்துகொண்டதற்கும் கேள்வியாகத்தான் பதில் சொன்னார். எங்கள் அம்மா அங்கே இருந்திருந்தால் கீழ்ப்படிகிற இருதயத்துக்காக ஜெபித்திருப்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1715-இல் தரங்கம்பாடியில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது. அதற்கு வெகுகாலம் பிறகுதான் எங்கள் குடும்பத்துக்குள் எழுத்து வந்தது. பூட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த தாத்தாதான், பத்து வயதில், சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அவளுக்கு வேதம் வாசித்துக் காட்டுவாராம். அவள் நடுவில் நிறுத்தி, "அதுக்கு என்னலே அர்த்தம்?" என்று கேட்பாளாம். அதாவது எங்கள் வீட்டின் முதல் குடும்ப ஜெபத்தில் வாசித்தது பிள்ளை, கேள்வி கேட்டது பெரியவள். எப்போது இது தலைகீழானது? என் ஊகம் இது: பெரியவர்கள் படித்து, உத்தியோகத்துக்குப் போய், கௌரவம் வந்தபிறகு. கேள்வி கேட்பது அப்போதிருந்து அவமரியாதை ஆகிவிட்டது.

இனி அந்தப் பக்கம் திரும்புகிறேன். இதுவரை வாசித்து, 'கரெக்ட், அதான் மதமே வேண்டாங்கறோம்' என்று சந்தோஷப்பட்ட நண்பர்களுக்கு. என் ஆபீஸ் நண்பர்கள் பாதிப் பேர் உங்கள் கட்சிதான். "பதினெட்டு வயசுல அவங்களே தேர்ந்தெடுக்கட்டும் மச்சி, அதுவரைக்கும் நியூட்ரலா வளர்க்கணும்." நியூட்ரலான வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. இதைச் சொல்லும் நண்பரின் மகன் ஆறாம் வகுப்பிலேயே ஐஐடி ஃபவுண்டேஷன் கோர்ஸில் இருக்கிறான். தினமும் ராத்திரி டைனிங் டேபிளில் அவனுடைய மாக் டெஸ்ட் ரேங்க் வாசிக்கப்படுகிறது. பக்கத்து ஃபிளாட் பையனோடு ஒப்பிடப்படுகிறது. அங்கேயும் ஒரு தெய்வம் இருக்கிறது, பலி கேட்கிறது. யெப்தாவும் இருக்கிறான். கீர்த்தனை மட்டும்தான் இல்லை.

பதினெட்டில் தேர்ந்தெடுக்கட்டும் என்றால், எதிலிருந்து? வேதநாயக சாஸ்திரியார் பாட்டைப் பாட்டி ராகம் தப்பிப் பாடிக் கேட்காத பிள்ளை, பதினெட்டு வயதில் அதை எந்த ஆப்பில் டவுன்லோடு செய்யும்? நம்பலாம், விடலாம், சண்டை போடலாம். எதற்கும் முதலில் அது வீட்டுக்குள் இருக்க வேண்டும். என் அவிசுவாசத்துக்குக்கூட அந்தப் பாயில்தான் மொழி கிடைத்தது. வாரத்தில் ஒரு ராத்திரி போனை எல்லாம் இன்னொரு ரூமில் போட்டுவிட்டு, மரணம், பயம், மன்னிப்பு பற்றி மூன்று தலைமுறை ஒன்றாக உட்கார்ந்து பேச வேறு எந்த ஏற்பாடு உங்கள் வீட்டில் இருக்கிறது? இருந்தால் சொல்லுங்கள், நானும் மாறிக்கொள்கிறேன்.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நடுராத்திரி சர்வர் விழுந்தால் மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' என்று பேர். யாரால் என்று கேட்பதில்லை, என்ன நடந்தது, எப்படி நடந்தது என்றுதான் கேட்போம். கருணையால் இல்லை. ஆளைப் பிடித்துத் திட்டினால் அடுத்த தடவை எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான், சர்வர் மறுபடியும் விழும். லாபத்துக்காக நடக்கும் கம்பெனிக்கே புரிந்த இந்த விஷயம், பாவமன்னிப்பைப் பற்றி வாரா வாரம் பாடும் வீடுகளுக்குப் புரியவில்லை.

"அப்போ பிள்ளைங்களைத் திருத்தவே கூடாதா?" அம்மா இதைத்தான் கேட்டாள். திருத்தலாம். சாப்பிடும்போது, ஸ்கூட்டரில் போகும்போது, முகத்தைப் பார்த்து, அதுவும் திருப்பிப் பேசக்கூடிய நேரத்தில். ஜெப வேளையில் பெரியவர்கள் தங்கள் கணக்கைத்தான் ஒப்பிக்க வேண்டும். சாமுவேல் கதையில் ஏலி கிழவன் அதைத்தான் செய்கிறான். அவன் வீட்டுக்கு எதிரான தீர்ப்பு ஒரு சின்னப் பையனுக்குச் சொல்லப்படுகிறது. பையன் சொல்லப் பயப்படுகிறான். ஒன்றையும் மறைக்காமல் சொல் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறான் ஏலி. நல்ல தகப்பனாக இருக்கத் தவறியவன்தான். ஆனாலும் அந்த ஒரு காலையில் பிள்ளையின் வாயிலிருந்து தன் தப்பைக் கேட்கும் திராணி அவனுக்கு இருந்தது.

எனக்கு அந்தத் திராணி தேவைப்படும் நாள் வரப்போகிறது. ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டுவதற்குள் சொந்தக்காரர்கள் வரன் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கிறிஸ்தவ மணமகன் தேவை விளம்பரங்களில் சபைப் பேருக்குப் பக்கத்திலேயே சாதிப் பேரும் இருக்கும். "நாம எல்லாரும் ஒண்ணுன்னு இப்பதானே படிச்சோம்?" என்று மகள் ஒருநாள் கேட்பாள். அன்றைக்கு 'எனக்குத் தெரியல' என்று தப்பிக்க முடியாது. பதில் எனக்கு நன்றாகவே தெரியும்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் நானும் கோள்தான் மூட்டியிருப்பேன். நான் இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம், ஒரு ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுக்களையில் அப்பா தனியாக முழங்கால் போட்டிருந்தார். ஃபீஸ் கட்ட வழியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவதென்று தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். நான் சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். கடைசிவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த ஜெபத்தை அவர் ராத்திரி ஏழரைக்கு, எங்கள் எல்லோர் முன்னாலும் செய்திருந்தால், நான் பதினெட்டில் எழுந்து போயிருப்பேனா? தெரியாது. அவரிடம் ஒரு வார்த்தை பேசியாவது இருப்பேன்.

மகள் இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் பாட்டியிடம் நேராகப் போய்ச் சொன்னாள்: "என்மேல கோவம்னா என்கிட்டயே சொல்லுங்க பாட்டி. அவர்கிட்ட சொல்லாதீங்க." அம்மா என்னை முறைத்தாள், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்து. சத்தியமாக இல்லை. அன்றைக்கு முழுக்க அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை.

போன சனிக்கிழமை மறுபடியும் அம்மாவின் முறை. வழக்கமான ஸ்தோத்திரங்கள் முடிந்தன. ஊழியர்கள், நோயாளிகள், தேசத்தலைவர்கள் முடிந்தார்கள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா சொன்னாள்: "தகப்பனே, ரெண்டு நாளா சுகர் மாத்திரை போட்டுட்டேன்னு மகன்கிட்ட பொய் சொன்னேன். மன்னியும்."

அன்றைக்கு எங்கள் வீட்டில் ஆமெனைச் சத்தமாகச் சொன்னது மகள்தான்.