வெள்ளத்துக்கு ஓடும் கால்கள் விண்ணப்ப மாதத்திலும் ஓட வேண்டும்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லா மதத்தவருக்கும் திறந்தன. நம் இளைஞர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் உணவுப் பொட்டலங்களைச் சுமந்தார்கள். கொரோனா காலத்தில், உறவினர்களே நெருங்க அஞ்சிய உடல்களை உரிய மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். இவர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். ஆபத்து என்றால் முதலில் வந்து நிற்பவர்கள் என்ற நற்பெயர் சமுதாயத்துக்குக் கிடைத்தது.

ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் நம் தெருக்களில் இன்னோர் இழப்பு நடக்கிறது. அதற்கு ஓசை கிடையாது, அதைப் படம் பிடிக்கவும் யாரும் வருவதில்லை. தகுதி இருந்தும் தகவல் இல்லாததால் கல்லூரி வாசலோடு திரும்பிவிடும் மாணவர்களைப் பற்றித்தான் சொல்கிறோம்.

சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. ஆனால் அது 'முஸ்லிம்' என்று சொன்னாலே கிடைத்துவிடாது. லப்பை, தக்கனி முஸ்லிம், சேக், சையத், மாப்பிள்ளை, அன்சார், தூதேகுலா எனப் பட்டியலில் உள்ள ஏழு பிரிவுகளில் ஒன்றின் பெயரில் சாதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். ராவுத்தரும் மரைக்காயரும் லப்பை என்ற தலைப்பின் கீழ் வருகிறார்கள். இது தெரியாமல் கலந்தாய்வு நெருங்கும் நேரத்தில் இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலையும் பெற்றோர் எத்தனை பேர்!

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே பொதுவான நிபந்தனை. இதை அறியாத ஒரு தந்தை, மகளைப் பத்தாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார். ஒரே கையெழுத்தில் அந்தப் பெண் இந்த ஒதுக்கீட்டை இழக்கிறாள். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தின் உதவியும் கைநழுவுகிறது. அறிவுரை கிடைக்க வேண்டிய நேரத்தில் அருகில் ஆள் இல்லை என்பதைத் தவிர அந்தத் தந்தை செய்த குற்றம் ஒன்றுமில்லை.

ஒன்றிய அரசின் கதவுகளோ ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. சிறுபான்மை மாணவர்களுக்கான பள்ளிப் படிப்பு உதவித்தொகை, 2022-23 முதல் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. எட்டாம் வகுப்பு வரை கல்வி இலவசம்தானே என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை நிறுத்தப்பட்டதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. முஸ்லிம் குழந்தைகளில் நால்வரில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது இடையில் நின்றவர் என்று 2006இல் சச்சார் குழு எச்சரித்த நாட்டில்தான் இவை நடக்கின்றன. கதவுகள் குறையக் குறைய, மிச்சமிருக்கும் கதவு எங்கே என்று காட்டுபவரின் தேவை கூடுகிறது.

அந்த வழிகாட்டி, அதே தெருவில் ஓரிரு ஆண்டுகளுக்கு முன் கல்லூரிக்குள் நுழைந்த மாணவராக இருக்கலாம். விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்தில் தவறு நேரும், எந்தச் சான்றிதழுக்கு எத்தனை நாள் ஆகும், விருப்பப் பட்டியலில் கல்லூரிகளை எப்படி வரிசைப்படுத்துவது என்பதெல்லாம் அவருக்கு நேற்றைய அனுபவம். பெரிய மண்டபத்தில் நடக்கும் ஒரு நாள் வழிகாட்டி முகாமில் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை, பக்கத்து வீட்டு அண்ணனிடமும் அக்காவிடமும் பிள்ளைகள் தயங்காமல் கேட்பார்கள்.

தன்னார்வலர்களால் கல்வியில் மாற்றம் வருமா என்ற ஐயத்துக்கு 'இல்லம் தேடிக் கல்வி' பதில் சொல்லியிருக்கிறது. ஒன்றரை ஆண்டுப் பள்ளி மூடலுக்குப் பின் 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் அந்தத் திட்டம் தொடங்கியது. மாலை நேரத்தில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே வகுப்பு. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். தமிழ்நாட்டில் சுமார் 19 ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த பொருளியலாளர்கள், பள்ளி திறந்த ஆறு மாதங்களில் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடானதையும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் கிடைத்ததையும் கண்டறிந்தார்கள்.

கற்றுக் கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் கல்வி என்பார்கள். ஒரு குழந்தைக்குப் பின்னக் கணக்கைப் புரியவைக்க முயலும்போதுதான், தனக்கு அது எந்த அளவு புரிந்திருக்கிறது என்று மாணவருக்குத் தெரிகிறது. அதிகாரியிடம் பேசவும், படிவத்தை முழுமையாக வாசிக்கவும், சொன்ன நேரத்துக்கு வரவும் பழகுகிறார். வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையிலேயே உலகம் முடிந்துவிடும் பெண்களுக்கு, ஊர் மதிக்கும் பொதுப்பணியில் முதல் அடி வைக்க இது நல்ல வழி. 1969இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டைக் கேட்பதும் இந்த நோக்கத்தில்தான். அந்த மணி நேரங்களைக் கல்லூரி வளாகத்தில் புல் வெட்டியே கழிக்கலாம். ஒரு தெருவின் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்கும் செலவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தன்னார்வலர் இருக்கிறாரே என்று ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக வைக்க அரசுக்கு உரிமை கிடையாது. கல்வி என்பது அரசியல் சட்டம் தந்த உரிமை. யாரோ இரக்கப்பட்டுச் செய்யும் தர்மமாக அது சுருங்கிவிடக் கூடாது. நிறுத்தப்பட்ட உதவித்தொகைகளை மீண்டும் கேட்கும் குரலும் ஓயக் கூடாது. இன்னொரு பக்கம், தொண்டு செய்யும் மாணவரின் தேர்வையும் படிப்பையும் மறந்து, எல்லா வேலைக்கும் அவரையே இழுப்பதும் அநீதி.

ஜமாஅத்கள் செய்யக்கூடியது எளிமையானது. மஹல்லாவில் எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்களின் பட்டியல் ஒன்று தயாராக வேண்டும். சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்கள் யாரிடம் இல்லை என்று ஜனவரியிலேயே பார்த்துவிட வேண்டும். பத்துக் குடும்பங்களுக்கு ஒரு கல்லூரி மாணவர் அல்லது மாணவி பொறுப்பேற்க, பயணச் செலவையும் விண்ணப்பக் கட்டணத்தையும் பைத்துல்மால் ஏற்கலாம். ஒரு கணினி, ஓர் இணைய இணைப்பு, மாலையில் இரண்டு மணி நேரம் திறந்திருக்கும் ஓர் அறை இருந்தால் போதும்.

வெள்ள நேரத்தில் உணவு கொண்டுபோன வீட்டுக்கு, அடுத்த வேளையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு வீட்டின் முதல் பட்டதாரியை உருவாக்கிவிட்டால், அடுத்த பிள்ளைக்கு வழிகாட்ட அந்த வீட்டிலேயே ஆள் இருக்கும். வரும் தேர்வு முடிவுகளுக்கு முன் உங்கள் மஹல்லாவில் அந்தப் பட்டியல் தயாராகுமா?