துணைக்கு வந்தவரின் சாப்பாடு

“முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான் இருக்கிறதே, பிறகு எதற்கு வசூல்?” புற்றுநோயாளிகளுக்காக ரசீதுப் புத்தகத்தோடு படியேறும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய் வந்திராவிட்டால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேன்.

அட்டை பெரிய உதவி. சிகிச்சைச் செலவுக்கு அது கைகொடுக்கிறது. ஆனால், தொண்டைக்குக் கதிர்வீச்சு என்றால் பெரும்பாலும் வாரம் ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம் போக வேண்டும். மெஷினில் படுத்திருப்பது சில நிமிடம். அதற்காக வெளியூர்க்காரர் சென்னையில் ஒன்றரை மாதம் தங்க வேண்டும். துணைக்கு ஒருவர் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். கூலி வேலை செய்யும் வீட்டில் இரண்டு பேர் சம்பாத்தியம் ஒரே நாளில் நின்றுபோகும்.

இரண்டு மூன்று வாரத்தில் வாயும் தொண்டையும் புண்ணாகிவிடும். எச்சில் விழுங்கவே அப்பாவுக்குக் கண்ணீர் முட்டும். ஓட்டல் சாம்பாரின் காரம் பட்டாலே துடித்துப்போவார். அம்மா சோற்றையும் பருப்பையும் குழைய வேகவைத்து மிக்ஸியில் அடித்து, சூடு ஆறியதும் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுப்பார். சமைக்க வசதியுள்ள வீட்டை வாடகைக்குப் பிடிக்க எங்களால் முடிந்தது. கதிர்வீச்சுக்குக் காத்திருக்கும் வரிசையில் எங்களோடு உட்கார்ந்திருந்த ஒரு விவசாயக் குடும்பத்தால் முடியவில்லை. சாப்பிட வழியில்லாமல் அங்கே நோயாளிக்கு உடம்பு தளர்ந்தது, கையிருப்பும் கரைந்தது. பாதியிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

இடையில் விட்டால் எஞ்சியிருக்கும் புற்றணுக்கள் மறுபடி பெருகத் தொடங்கும். பட்ட பாடெல்லாம் வீணாகிவிடக்கூடும். மருந்து இருந்தும் மருத்துவர் இருந்தும், அறை வாடகைக்கும் கஞ்சிக்கும் வழியில்லாமல் ஒரு சிகிச்சை நின்றுபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்பா சிகிச்சையை முடித்துத் தேறியதும் நண்பர்களோடு வசூலுக்கு இறங்கியது அதனால்தான். திரட்டும் பணம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும் போகிறது. சில அறைகளுக்கு மிக்ஸியும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

சொந்த வீட்டுத் துயரம் ஊருக்கு உதவியாக மாறுவது சென்னைக்குப் புதிதல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியாத வேதனை அக்காவை விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. இடையில் 31 ஆண்டுகள்! பின்னாளில் அதை வளர்த்தெடுத்த டாக்டர் சாந்தாவும் ஏழைக்குச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பதில் கடைசிவரை உறுதியாக நின்றார்.

மருத்துவமனை கட்டுவது எல்லோராலும் ஆகாது. ஒரு குடும்பத்தின் ஒரு வாரச் சாப்பாட்டை ஏற்பது நம்மில் பலரால் ஆகும். உங்கள் தெருவில் யாராவது கதிர்வீச்சுக்குப் போகிறார் என்று தெரிந்தால், நோயைப் பற்றி விசாரிப்பதோடு நின்றுவிடாதீர்கள். எங்கே தங்குகிறார்கள், யார் சமைக்கிறார்கள், துணைக்குப் போனவரின் கூலி என்ன ஆனது என்று கேளுங்கள். உதவி எங்கே தேவை என்பது அந்தப் பதில்களில் தெரிந்துவிடும்.