லாக்கரில் போன், சுவரில் புகார்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் உள்ள ஒரு நிறுவனத்தின் கையேடு இந்த வாரம் நம் கைக்கு வந்தது. வேலையிடத்தில் யாரும் யாரையும் மிரட்டக் கூடாது, அவமதிக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக விதிகள். எல்லாம் ஆங்கிலத்தில். புகார் சொல்ல கேன்டீன் சுவரில் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்களாம். ஆனால் தொழிலாளி தன் செல்போனைக் கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்!

எந்த போனால் ஸ்கேன் செய்வது? அப்படியே செய்தாலும் கம்பெனி மின்னஞ்சல் முகவரி கேட்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது ஏது? டார்கெட் எட்டவில்லை என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார். ரிலீவர் வரவில்லை என்று ஒரு பெண்ணைக் கழிப்பறைக்கு விடாமல் லைனிலேயே நிறுத்திவைக்கிறார். துணிந்து எச்.ஆரிடம் போனால், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்கிறார் கான்ட்ராக்டர். இந்தக் கையேட்டை எழுதியவர்கள் ஒரே ஒரு ஷிஃப்டாவது லைனில் நின்றிருக்க வேண்டும்.

பாலியல் தொல்லைக்கு 2013-இல் தனிச் சட்டம் வந்தது. மற்ற அவமானங்களுக்குத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர் குழு வேண்டும், அதில் பாதிப்பேர் தொழிலாளர்களாக இருக்க வேண்டும் என்று 2010-லேயே தொழில் தகராறு சட்டத்தில் சேர்த்தாயிற்று. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. அந்தக் குழுவைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

வழி தெரியாமல் இல்லை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலையில் வேலைபார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். 2022 ஏப்ரலில் அந்த ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் நிறுவனம், பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், அங்கே ஆடை வாங்கிய எச் அண்ட் எம் உள்ளிட்டோர் இத்தகைய கொடுமையைத் தடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். 25 தொழிலாளர்களுக்கு ஒருவர், அவர்களிலிருந்தே கண்காணிப்பாளர். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. மீறினால் ஆலையின் ஆர்டருக்கே ஆபத்து.

அங்கே சங்கம் இருந்தது. இருங்காட்டுக்கோட்டை இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலோ, சாம்சங் தொழிலாளர்கள் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யவே 2024-இல் 37 நாள் வேலைநிறுத்தமும் உயர் நீதிமன்ற வழக்கும் தேவைப்பட்டன. சங்கமில்லாத இடத்தில் புகார் சொல்பவர் தனியாள்.

தொழிலாளர் துறை அமைச்சருக்கு நம் வேண்டுகோள்: இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை எத்தனை ஆலைகளில் குறைதீர் குழு இருக்கிறது, அதில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று ஆய்வு செய்து பட்டியலை வெளியிடுங்கள். தமிழில் வெளியிடுங்கள்.